கூப்பிடு தூரம்: ஓசையால் அடையாளம் காணும் கம்பியில்லாக் கருவிகள்

அசோகவனத்தில் சீதையின் முன் வந்து நின்ற அனுமனுக்கு முதலில் எழுந்த சிக்கல், இன்றைய மொழியில் சொன்னால், அடையாளத்தை உறுதிசெய்வது. வந்திருப்பவன் இராமனின் தூதனா, தூதன் வேடத்தில் வந்த அரக்கனா? 'நான் தூதன்' என்று அவன் வாயால் சொல்வதற்கு மதிப்பில்லை. அரக்கனும் அதையேதான் சொல்வான். அனுமனிடம் இரண்டு சான்றுகள் இருந்தன. ஒன்று கணையாழி. மற்றொன்று, இராமனும் சீதையும் மட்டுமே அறிந்த சில நிகழ்ச்சிகள். மோதிரத்தை ஒருவன் பறித்துக்கொண்டும் வரலாம். இருவர் சேர்ந்திருந்த பொழுதின் நினைவை அப்படிப் பறித்துவிட முடியாது.

இந்த இரண்டாவது வகைச் சான்றைத்தான் கணினி ஆய்வாளர்கள் சிலர் செல்பேசிகளுக்கும் மற்றக் கம்பியில்லாக் கருவிகளுக்கும் கற்றுக்கொடுக்க முயன்று வருகிறார்கள். இரண்டு கருவிகள் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே ஓசையைக் கேட்டிருந்தால், அப்படிச் சேர்ந்து கேட்டதே அவற்றுக்கு இடையிலான இரகசியம் ஆகிறது. மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எனக்கு இந்த யோசனையின் எளிமை பிடித்திருக்கிறது. இதைப்பற்றி மாண்ட்ரியலில் உட்கார்ந்து எழுத இன்னொரு காரணமும் உண்டு. இந்த வித்தை நம்பியிருக்கும் கணிதத்தில் ஒரு முக்கியமான பகுதி இந்த ஊரில் உருவானது.

நடுவில் நிற்பவன்

காதில் செருகிக்கொள்ளும் புளூடூத் கருவி ஒன்றை முதன்முதலாகச் செல்பேசியோடு இணைக்கிறோம். இரண்டுக்கும் முன்பின் அறிமுகம் கிடையாது. இரண்டும் பேசிக்கொள்ளும் ரேடியோ அலைகளைப் பக்கத்து வீட்டுக்காரரும் பிடிக்கலாம். இருந்தாலும், ஊரறியப் பேசியே இருவர் தமக்கு மட்டும் தெரிந்த ஓர் இரகசியச் சாவியை உருவாக்கிக்கொள்ள முடியும் என்று 1976-ல் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் காட்டினார்கள். இன்றைய இணையப் பாதுகாப்பில் பெரும்பகுதி அந்தக் கண்டுபிடிப்பின் மேல் நிற்கிறது.

அதில் ஓர் ஓட்டை உண்டு. 'இரகசியமாகப் பேசுகிறோம்' என்பதற்கு அது உத்தரவாதம் தரும். 'யாரோடு பேசுகிறோம்' என்பதைச் சொல்லாது. நடுவில் ஒருவன் புகுந்து, செல்பேசியிடம் 'நான்தான் காதுக்கருவி' என்றும், காதுக்கருவியிடம் 'நான்தான் செல்பேசி' என்றும் சொன்னால், இருவரும் அவனோடு மிகப் பத்திரமாக இரகசியம் பேசிக்கொண்டிருப்பார்கள்.

1999-ல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஃபிராங்க் ஸ்டஜானோவும் ராஸ் ஆண்டர்சனும் இதற்கு ஓர் அழகான உவமை சொன்னார்கள். முட்டையிலிருந்து வெளிவரும் வாத்துக்குஞ்சு, முதலில் எது ஓசையெழுப்பிக்கொண்டு நகர்கிறதோ அதையே தாயென்று நம்பிப் பின்னால் போகும். புதிதாகப் பெட்டியிலிருந்து எடுத்த கருவியும் அப்படித்தான். ஆகவே அந்த முதல் சந்திப்பைப் பாதுகாப்பதே முக்கியம்.

2007-ல் வந்த புளூடூத் 2.1 தரத்தில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. இரண்டு திரைகளிலும் ஆறு இலக்க எண் ஒன்று தோன்றும். இரண்டும் ஒன்றுதானா என்று மனிதர் பார்த்துச் சொல்லவேண்டும். காதுக்கருவிக்குத் திரை ஏது? அத்தகைய கருவிகளுக்காக எதையும் சரிபார்க்காமலே இணையும் முறை ஒன்றை வைத்தார்கள். அதன் பெயரே 'ஜஸ்ட் வொர்க்ஸ்'. நடுவில் நிற்பவனுக்கும் அது அப்படியே வேலை செய்யும்!

யாருடைய கைரேகை?

'கைரேகை' என்ற சொல்லை இந்தத் துறையில் மூன்று பொருளில் பயன்படுத்துகிறார்கள். முதல் வகை ரேடியோ கைரேகை. ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்த இரண்டு ரேடியோ பரப்பிகள்கூட இயங்கத் தொடங்கும் கணத்தில் அலையைச் சற்றே வெவ்வேறு விதமாக எழுப்புகின்றன. ஒட்டாவாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் ஜெயந்தி ஹால், மிஷேல் பார்போ, எவாஞ்சலோஸ் கிரனாகிஸ் ஆகியோர் 2000-களின் முற்பகுதியிலேயே இந்தத் தொடக்க அதிர்வை வைத்துக் கருவிகளைப் பிரித்தறிய முயன்றார்கள்.

இரண்டாவது வகை, கருவியின் ஒலிபெருக்கியிலும் ஒலிவாங்கியிலும் உள்ள தயாரிப்புக் குறைகள். ஒரே பாட்டை இரண்டு செல்பேசிகளில் ஒலிக்கவிட்டால் நம் காதுக்கு வேறுபாடு தெரியாது, கணினிக்குத் தெரியும். 2014-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அனுபம் தாஸ், நிகிதா போரிசோவ், மாத்யூ சீசர் மூவரும் இதைச் செய்துகாட்டினார்கள். இதில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது: நீங்கள் எந்தப் பெயரில் உலவினாலும் உங்கள் செல்பேசியைத் தொடர்ந்து வர இது உதவும்.

மூன்றாவது வகைதான் நாம் பேசவந்தது. இது கருவியின் ரேகை இல்லை. இடத்தின் ரேகை, அந்த நொடியின் ரேகை. ஊருக்குத் தொலைபேசும்போது அம்மாவின் குரலுக்குப் பின்னால் குக்கர் விசிலும் தெருவில் கீரை விற்பவர் குரலும் கேட்கின்றன. அம்மா எந்த அறையில் நின்று பேசுகிறார் என்பதை அந்தப் பின்னணி ஓசையே நமக்குச் சொல்லிவிடுகிறது. அதே வேலையைக் கருவியிடம் ஒப்படைப்பதுதான் திட்டம்.

ரேடியோ அலை சுவரைத் துளைத்துப் போகும். நல்ல ஆன்டெனா இருந்தால் தெருக்கோடியிலிருந்தும் பிடிக்கலாம். ஓசை பெரும்பாலும் கதவோடு நின்றுவிடும். தமிழில் 'கூப்பிடு தூரம்' என்று ஓர் அளவு இருக்கிறது. ஒருவர் கூப்பிட்டால் மற்றவருக்குக் கேட்கும் தொலைவு. இந்தக் கருவிகள் சரிபார்ப்பதும் அதையேதான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தவிர்க்கவேண்டும். ஓசையைத் தபால்காரனாகப் பயன்படுத்துவது வேறு. 2017 செப்டம்பரில் இந்தியாவில் கூகுள் வெளியிட்ட 'தேஸ்' பணப்பரிமாற்றச் செயலியில், பக்கத்தில் உள்ள இரண்டு செல்பேசிகள் காதுக்குக் கேட்காத மீயொலியால் ஒன்றையொன்று கண்டுகொண்டன. அங்கே கருவியே ஓசையை உண்டாக்கி அனுப்பியது. நாம் பேசுவது, கருவிகள் வாயைத் திறக்காமல், சுற்றிலும் இருக்கும் ஓசையை மட்டும் கேட்டு ஒத்துப்போவதைப் பற்றி.

ஓசை எப்படி ரேகையாகிறது?

பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் அடிப்படை முறைகளை 2002-ல் பிலிப்ஸ் நிறுவனத்தின் ஹைட்ஸ்மாவும் கால்கரும், 2003-ல் ஷாஸாம் நிறுவனத்தின் ஏவரி வாங்கும் வெளியிட்டார்கள். ஜெர்மானிய ஆய்வாளர்கள் டொமினிக் ஷூர்மனும் ஸ்டீஃபன் சிக்கும் பிலிப்ஸ் முறையை ஒட்டிய ஒன்றைச் சுற்றுப்புற ஓசைக்குப் பொருத்தி 2013-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். கணக்கு எளிமையானது.

சுமார் ஆறரை விநாடி ஓசையைப் பதிவுசெய்து 17 துண்டுகளாக வெட்டுகிறார்கள். ஒவ்வொரு துண்டையும் தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதிவரை 33 பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று அளக்கிறார்கள். பிறகு ஒரே கேள்வி: அடுத்தடுத்த இரண்டு பட்டைகளுக்கு இடையேயான வேறுபாடு முந்தைய துண்டில் இருந்ததைவிடக் கூடியதா, குறைந்ததா? கூடினால் 1, இல்லையென்றால் 0. 16 முறை 32 கேள்விகள். மொத்தம் 512 இலக்கங்கள். இதுவே கைரேகை.

அளவை விட்டுவிட்டு ஏற்ற இறக்கத்தை மட்டும் எடுப்பதில்தான் சூட்சுமம். சபாவில் முதல் வரிசைக்காரருக்கு மிருதங்கம் உரக்கக் கேட்கிறது, கடைசி வரிசைக்காரருக்கு மெதுவாகக் கேட்கிறது. தனி ஆவர்த்தனத்தின் கணக்கு இருவருக்கும் ஒன்றுதான். மேசைமேல் உள்ள செல்பேசியும் சட்டைப்பைக்குள் உள்ள செல்பேசியும் அப்படித்தான் ஒத்துப்போகின்றன. இரண்டும் ஒரே கணத்தில் கேட்கத் தொடங்கவேண்டும் என்பது நிபந்தனை. ஓசை ஒரு மில்லி விநாடியில் சுமார் 34 சென்டிமீட்டர் நகர்கிறது. அறைக்குள் இரண்டு மூன்று மீட்டர் தள்ளியிருப்பதால் வரும் தாமதம் பத்து மில்லி விநாடிக்குள் அடங்கிவிடும். கடிகாரங்கள் அரை விநாடி பிசகினால் எல்லாம் கெட்டது.

ஏறக்குறைய சரி என்பது போதாது

ஒரே அறையில் எடுத்த இரண்டு கைரேகைகளும் அச்சாக ஒன்றாக இருப்பதில்லை. பல இலக்கங்கள் மாறியிருக்கும். மறையாக்கத்துக்கான சாவியோ ஓர் இலக்கம் பிசகினாலும் திறக்காது. இந்த இடைவெளியை அடைக்க 1999-ல் ஆரி ஜூல்ஸ், மார்ட்டின் வாட்டன்பர்க் இருவரும் ஒரு முறை தந்தார்கள்.

'வணக்கம்' என்பது 'வணக்கப்' என்று அச்சாகியிருந்தால் நாம் தயங்காமல் சரியாக வாசிக்கிறோம். காரணம், 'வணக்கப்' என்று ஒரு சொல் இல்லை. அதற்கு மிக அருகில் இருக்கும் சொல் 'வணக்கம்'. ஆனால் 'கல்' என்பது 'பல்' என்று அச்சாகியிருந்தால் பிழை என்றே தெரியாது. ஆகவே ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகியிருக்கும் சொற்கள் மட்டுமே கொண்ட ஓர் அகராதியைக் கணித முறையில் உருவாக்கிவிட்டால், சில எழுத்துகள் சிதைந்தாலும் சொல்லை மீட்டுவிடலாம்.

முதல் கருவி இந்த அகராதியிலிருந்து குருட்டாம்போக்கில் ஒரு சொல்லை எடுத்து, அதன்மேல் தன் ஒலிக்கைரேகையைப் போர்வையாகப் போர்த்தி ரேடியோவில் அனுப்புகிறது. இரண்டாவது கருவி தன் கைரேகையைக் கொண்டு போர்வையை விலக்குகிறது. இருவரும் ஒரே ஓசையைக் கேட்டிருந்தால் சில எழுத்துப்பிழைகளோடு சொல் வெளிப்படும்; பிழையைத் திருத்தினால் இருவர் கையிலும் ஒரே சாவி. வேறு அறையில் இருப்பவனின் ரேகை பாதி இலக்கங்களில் ஒத்துப்போகும். பாதி என்பதைக் கேட்டுப் பயப்படவேண்டாம். நாணயத்தைச் சுண்டி எழுதினாலும் பாதி ஒத்துப்போகும். அவனுக்குக் கிடைப்பது வெறும் இரைச்சல்.

மாண்ட்ரியலின் பங்கு

கிட்டத்தட்ட ஒத்துப்போகும் இரண்டு வரிசைகளிலிருந்து ஒரே இரகசியத்தைக் கடைந்தெடுக்கும் இந்தச் சிக்கல், ஒலிக்கு முன்பே ஒளியில் எழுந்தது. மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தின் ஜில் பிராசாரும் ஐ.பி.எம். நிறுவனத்தின் சார்ல்ஸ் பென்னெட்டும் ஒளித்துகள்களைக் கொண்டு இரகசியச் சாவி பரிமாறும் குவாண்டம் முறையை 1984 டிசம்பரில் ஒரு மாநாட்டில் அறிவித்தார்கள். அந்த மாநாடு நடந்த ஊர் பெங்களூர்! அந்த முறையில் ஒளித்துகள்கள் வழியில் சிதைவதால் இரு முனைகளிலும் உள்ள இலக்கங்கள் முழுக்க ஒத்துப்போகாது. ஒற்றனும் கொஞ்சம் கேட்டிருப்பான். என்ன செய்வது?

பிழை நீக்க 1993-ல் பிராசாரும் லூயி சால்வாயும் தந்த முறை, நாம் புளியங்கொட்டையைக் கைக்குள் மூடிவைத்து விளையாடிய 'ஒற்றையா இரட்டையா' ஆட்டம்தான். வரிசையைத் துண்டு துண்டாக்கி, இந்தத் துண்டில் உள்ள 1-களின் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்று மட்டும் ஊரறியக் கேட்டுக்கொள்கிறார்கள். பதில்கள் மாறுபட்டால் அந்தத் துண்டில் பிழை இருக்கிறது. அதைப் பாதியாக வெட்டி மறுபடியும் கேட்டால், சில கேள்விகளில் பிழையான இலக்கம் அகப்பட்டுவிடும். ஒரு துண்டில் இரண்டு பிழைகள் இருந்தால் ஒன்றையொன்று மறைத்துவிடும். அதற்காக வரிசையைக் கலைத்துப்போட்டு மறுபடி ஆடுகிறார்கள்.

ஒவ்வொரு பதிலும் ஒற்றனின் காதிலும் விழுகிறதே? பென்னெட், பிராசார், அவருடைய மாணவராக இருந்த ழான்-மார்க் ரொபேர் மூவரும் 1988-ல் வெளியிட்ட கட்டுரை அதற்குத்தான் மருந்து. இரண்டு இலக்கங்களில் ஒன்று ஒற்றனுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் தூக்கிப்போட்டுவிட்டு, 'அவை ஒன்றா, வேறா' என்ற ஒரு விடையை மட்டும் வைத்துக்கொண்டால் அவனுக்கு எதுவும் தெரியாது. இதையே பெரிய அளவில் செய்தால், பாதி கசிந்த நீண்ட இரகசியத்தைச் சுருக்கி, கசிவே இல்லாத குறுகிய இரகசியமாக்கலாம். சுற்றுப்புற ஓசையிலிருந்தோ ரேடியோ அலையின் ஏற்ற இறக்கத்திலிருந்தோ சாவி எடுக்க முயல்பவர்கள் இன்றைக்கும் திரும்பத் திரும்ப வந்துசேரும் இடம் இந்தக் கட்டுரைகள்தான்.

ஓசையைப் பற்றிப் பேசும்போது இவர்களுடைய கதையில் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. 1989-ல் அவர்கள் செய்துபார்த்த முதல் சோதனைக் கருவியில் ஒளி கடந்த தூரம் சுமார் 32 சென்டிமீட்டர். ஒளியின் நிலையை மாற்றும் பகுதிக்கு மின்சாரம் தந்த பெட்டி, எந்த நிலை என்பதற்கு ஏற்ப வெவ்வேறு ஓசை எழுப்பியதாம்! காது கேளாத ஒற்றனிடம் மட்டும் தங்கள் கருவி முழுப் பாதுகாப்பானது என்று பிராசார் பின்னாளில் வேடிக்கையாக எழுதினார். ஓசை இரகசியத்தைக் காக்கவும் செய்யும், காட்டிக்கொடுக்கவும் செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

எங்கே இடறும்?

2015-ல் சூரிச் நகர ஆய்வாளர்கள் 'சவுண்ட் புரூஃப்' என்ற முறையை வெளியிட்டார்கள். இணையதளத்தில் கடவுச்சொல் கொடுத்ததும் உங்கள் கணினியும் செல்பேசியும் ஒரே மூன்று விநாடி ஓசையைப் பதிவுசெய்யும். கணினியின் பதிவு மறையாக்கம் செய்யப்பட்டுச் செல்பேசிக்குப் போகும், ஒப்பிடுவது செல்பேசிதான். ஒத்துப்போனால் நுழையலாம். குறுஞ்செய்தியில் வரும் எண்ணைத் தேடித் தட்டும் வேலை மிச்சம்.

அடுத்த ஆண்டே அலபாமா பல்கலைக்கழகத்தின் பர்மிங்ஹாம் வளாகத்திலிருந்து மறுப்பு வந்தது. கடவுச்சொல்லைத் திருடியவன் தூரத்தில் இருந்துகொண்டு உங்கள் செல்பேசியை அழைத்தால் போதும். மணி அடிக்கும். அதே மணியோசையை அவன் தன் கணினிக்குப் பக்கத்திலும் ஒலிக்கவிட்டால், இரண்டும் ஒரே அறையில் இருப்பதாகச் செல்பேசி நம்பிவிடும். கூப்பிடு தூரத்தைக் கண்டம் விட்டுக் கண்டம் நீட்டிவிட்டான்!

ஓசை எளிதில் ஊகிக்கக்கூடியதாக இருந்தால் அது இரகசியம் இல்லை. மாண்ட்ரியல் கனேடியன்ஸ் ஹாக்கி ஆட்டம் நடக்கும் இரவில் இந்த ஊரில் பல வீடுகளில் ஒரே வர்ணனைதான் ஓடும். பனி கொட்டி ஓய்ந்த பின்னிரவிலோ எங்கள் வீட்டில் குளிர்பதனப் பெட்டியின் உறுமல் தவிர வேறு ஓசை கிடையாது. அந்த உறுமல் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதேபோல, அறைக்குள்ளேயே ஒற்றன் உட்கார்ந்திருந்தால் ஓசை அவனுக்கும் பொது.

வாசலில் நிற்கும் கார்

இந்த ஊரில் இது வெறும் ஆய்வுக்கூடப் பேச்சும் இல்லை. கனடாவில் திருடப்படும் கார்களில் பல மாண்ட்ரியல் துறைமுகம் வழியாகக் கப்பலேறுகின்றன. 2024 பிப்ரவரி 8-ல் இதற்காகவே ஒட்டாவாவில் தேசிய அளவில் மாநாடு கூட்டினார்கள். எங்கள் தெருவிலும் ஒருவருடைய கார் இரவோடு இரவாகக் காணாமல் போனது. சாவி வீட்டுக்குள் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

திருடர்கள் கையாளும் வழிகளில் ஒன்று அஞ்சலோட்டம். ஒருவன் வீட்டுச் சுவரோரம் ஒரு பெட்டியோடு நிற்பான், இன்னொருவன் காரருகே. உள்ளே இருக்கும் சாவியின் ரேடியோ பேச்சை இந்தப் பெட்டிகள் காருக்குக் கைமாற்றும். மறையாக்கம் எதையும் அவர்கள் உடைப்பதில்லை. தூரத்தை மட்டும் பொய்யாக்குகிறார்கள். 2011-ல் சூரிச் ஆய்வாளர்கள் எட்டு நிறுவனங்களின் பத்து மாதிரிக் கார்களைச் சோதித்தபோது பத்தும் இதற்கு ஏமாந்தன.

ஓசை இங்கே உதவுமா? கடன் அட்டைகளை இப்படி ஏமாற்றுவதைத் தடுக்கச் சுற்றுப்புற ஓசையை ஒப்பிடலாம் என்று 2012-லேயே ஒரு கட்டுரை வந்தது. அதையே காருக்கும் நீட்டிக் கற்பனை செய்து பார்க்கிறேன். கார் தெருவைக் கேட்கும், சாவி சமையலறையைக் கேட்கும், ரேகைகள் பொருந்தாது. பொருத்தவேண்டுமென்றால் திருடன் நடுநிசியில் உங்கள் சன்னலடியில் நின்று உரக்க ஓசை எழுப்பியாகவேண்டும். திருடனைச் சத்தம்போட வைக்கும் பூட்டு என்பது எனக்குப் பிடித்த கற்பனை.

கார் நிறுவனங்கள் நாடியது வேறு வழியை. ரேடியோ அலை போய்வரும் நேரத்தையே அளக்கும் சாவிகள் வந்துவிட்டன. அலை ஒரு நானோ விநாடியில் 30 சென்டிமீட்டர் போகிறது. நடுவில் நிற்பவன் எத்தனை கெட்டிக்காரனானாலும் நேரத்தைக் கூட்டத்தான் முடியும், குறைக்க முடியாது. ஓசையின் நேரத்தை அளந்தால் இந்த உத்தரவாதம் கிடைக்காது. ரேடியோவில் ஏற்றி அனுப்பினால் ஓசையைவிட வேகமாகவே ஓசையைக் கொண்டுபோகலாம்.

காது வைத்த கருவிகள்

விலை என்று ஒன்று இருக்கிறது. சுற்றுப்புற ஓசையால் அடையாளம் காணவேண்டுமென்றால் கருவிகளுக்குக் காது திறந்திருக்கவேண்டும். தொலைக்காட்சி விளம்பரங்களில் புதைத்த மீயொலிக் குறிகளைக் கேட்கக்கூடிய நிரல் செல்பேசிச் செயலிகளில் இருந்ததைக் கண்டு, 2016 மார்ச்சில் அமெரிக்க வணிக ஆணையம் 12 செயலித் தயாரிப்பாளர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. பூட்டுக்காகத் திறந்த காது வியாபாரத்துக்கும் பயன்படும். எனவே ஒரு முறையை மதிப்பிடும்போது நான் முதலில் கேட்பது, எத்தனை இலக்கச் சாவி என்பதை அல்ல. பதிவான ஓசை எந்தக் கருவியில் தங்குகிறது, எப்போது அழிகிறது, ஒப்பிடும் வேலையை யார் செய்கிறார்கள் என்பதைத்தான்.

ஓசைக் கைரேகை, நீங்கள் யார் என்பதைச் சொல்லாது. இன்னார் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார் என்பதை மட்டும், அதுவும் அந்தச் சில விநாடிகளுக்கு மட்டும் சொல்லும். கணையாழிக்கு அது மாற்று அல்ல, துணை. அனுமனும் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோனான்.